சன்பு சுகியில் விழுந்த பள்ளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பர் 9 அன்று, அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு ஃபாக்சாய் சூறாவளி ஜப்பானின் சிபா நகருக்கு அருகே கரையேறியது. நகரில் பதிவான உச்சக் காற்று வேகம் நொடிக்கு 57.5 மீட்டர், அதாவது மணிக்கு 207 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் தலைநகர் வட்டாரத்தில் சுமார் 9.3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போய்விட்டது. அதில் பெரும்பங்கு சிபா மாகாணத்தில். கிமிட்சுவில் இரண்டு உயரழுத்தக் கோபுரங்கள் மடிந்து கிடந்த படம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் சில ஊர்களில் இருட்டு இரண்டு வாரம் வரை நீண்டதற்கு அந்தக் கோபுரங்களை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஊருக்குள் போகும் கம்பிகளின் மேல் மரங்கள் கிடந்தன.

சுமார் 2,000 மின்கம்பங்கள் உடைந்தோ சாய்ந்தோ போயின. காற்று நேராகத் தள்ளிச் சாய்த்தவற்றைவிட, மரம் விழுந்தும் பறந்து வந்த பொருட்கள் மோதியும் போனவைதான் அதிகம். பழுது பார்க்கப் போன வண்டிகளுக்கு வழியே இல்லை. சாலையின் குறுக்கே மரம், அதன் மேல் கம்பி, அதற்கு மேல் இன்னொரு மரம். தற்காப்புப் படை வந்து அறுத்து அகற்ற வேண்டியிருந்தது. அப்படி அறுக்கப்பட்டவற்றில் நிறைய மரங்களின் தண்டில், மேலிருந்து கீழாக, ஆளுயரத்துக்கும் மேலான நீண்ட பள்ளங்கள் இருந்தன.

அந்த மரம் சன்பு சுகி, சன்பு வட்டாரத்தில் உருவான சுகி (ஜப்பானிய சிடார்) ரகம். அந்தப் பள்ளம் அந்த வட்டாரத்து வனத்துறையினருக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த நோய். அது எப்படி வருகிறது, தெரிந்தும் ஏன் அப்படியே விடப்பட்டது, புயல் நாசத்தில் அதன் பங்கு உண்மையில் எவ்வளவு என்பவைதான் இங்கே பார்க்க வேண்டியவை.

மரமும் மண்ணும்

ஜப்பானில் நட்டு வளர்த்த காடுகள் சுமார் 1 கோடி ஹெக்டேர். அதில் சுகி ஏறத்தாழ 44 லட்சம் ஹெக்டேர், ஹினோக்கி சைப்ரஸ் சுமார் 26 லட்சம் ஹெக்டேர். சுகியை ஜப்பானிய சிடார் என்று அழைத்தாலும் அதுவும் சைப்ரஸ் குடும்பத்து மரம்தான். இந்தக் காடுகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும், வீடு கட்ட மரம் வேண்டும் என்ற அவசரத்தில் நடப்பட்டவை.

சன்பு அதற்கும் முந்தைய கதை. போசோ தீபகற்பத்தின் கிழக்கே, குஜுகுரி கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் மேட்டு நிலம் அது. கடற்காற்று ஓயாது, மண்ணும் வறண்டது. சுகிக்கு ஏற்ற இடம் அல்ல. அங்கிருந்தவர்கள் எடோ காலத்திலேயே (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதலில் கருப்பு பைனை நட்டு மேல் தளமாக வளரவிடுவது, நிழலும் மண்ணும் ஓரளவு தேறியதும் அதன் கீழே சுகியை நடுவது. இந்த இரண்டடுக்குக் காடு ஜப்பானிய வனவியலில் தனிப் பெயர் பெற்ற முறை. சுகியை விதையில் வளர்க்காமல், நல்ல தாய்மரத்திலிருந்து போத்து வெட்டி நட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதே போத்து.

அப்படித் தேர்ந்து வந்த மரம் உண்மையிலேயே அருமையான மரம். கோடு போட்டது போல் நேரான தண்டு, ஒடுங்கிய கொண்டை, மெல்லிய கிளைகள், இளஞ்சிவப்பு வைரம் (தண்டின் நடுமரம்), எண்ணெய்ப் பசை. குஜுகுரி மீனவர்கள் படகுக்கு எடுத்தார்கள். கதவு, ஜன்னல் செய்கிற தச்சர்கள் தேடி வந்தார்கள். இன்னொரு குணமும் உண்டு. சன்பு சுகி ஆண் பூக்களை மிகக் குறைவாகவே விடும். சுகி மகரந்த ஒவ்வாமையால் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நாட்டில் கணிசமான பகுதியினர் தும்மிக்கொண்டிருக்கும் தேசத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

இப்படி ஒரு ரகம் கையில் இருக்கும்போது, போருக்குப் பிறகு சிபா முழுக்க எதை நடுவார்கள்? இதைத்தான் நட்டார்கள். பின்னர் பைன் வாடல் நோய் பரவி மேல் தளத்துக் கருப்பு பைன்கள் செத்தன. இரண்டடுக்கில் ஓர் அடுக்கு காணாமல் போய், ஒரே வயது, ஒரே உயரம், பெரும்பாலும் ஒரே குளோன் (ஒரே தாய்மரத்தின் நகல்கள்) என்ற காடுதான் மிஞ்சியது.

பட்டையைக் கெடுத்தது யார்?

சுகி, ஹினோக்கி காடுகளில் பட்டை உரிந்தோ தண்டு பிளந்தோ ஒரு மரத்தைப் பார்த்தால் முதல் சந்தேகம் விலங்குகள் மேல்தான் போகும். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஒவ்வொன்றும் விட்டுப்போகும் தடயம் வேறு.

கரடி கோடையின் தொடக்கத்தில் வரும். அப்போதுதான் மரத்தில் சாறு ஏறி, பட்டை இலகுவாகக் கழலும். அடிமரத்தில் நகத்தையோ பல்லையோ கொடுத்து, பட்டையை மேல்நோக்கி நீளமாகக் கிழித்துவிட்டு, வெளியே தெரியும் ஈரமான வெளிர்மரத்தை முன்பல்லால் சுரண்டித் தின்னும். தண்டில் நெடுக்குவாக்கில் இணை இணையாகப் பல்தடம் இருந்தால் அது கரடி. நோஞ்சான் மரத்தை அது தொடாது, செழித்துப் பருத்த மரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். உரிமையாளருக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான் கூடுதல்.

மான் வேறு மாதிரி. இலையுதிர் காலத்தில் ஆண் மான் கொம்பைத் தேய்க்கும். இடுப்புயரத்தில் பட்டை நார் நாராகத் தொங்கும், மரத்தில் கீறல் இருக்கும். பசிக்குப் பட்டை தின்னும்போது, மேல் முன்பற்கள் இல்லாததால் கீழ்ப்பல்லால் நெம்பி மேலே இழுக்கும். இன்று ஜப்பானில் விலங்குகளால் ஆண்டுதோறும் பாதிக்கப்படும் காட்டுப் பரப்பு சுமார் 5,000 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் மான் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

பூச்சிகளும் உண்டு. சுகி பட்டைத் துளைப்பான் என்ற நீள்கொம்பு வண்டின் புழு உள்பட்டையைக் குடைந்தால், மரம் பிசின் கக்கி, அந்த இடம் வீங்கிக் கோணிக்கொள்ளும். இன்னொரு நீள்கொம்பு வண்டு காய்ந்த கிளையில் முட்டையிட, புழு கிளை வழியே தண்டுக்குள் போகும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஆலையில் பலகையாக அறுக்கும்போதுதான் பழுப்புத் திட்டு முகம் காட்டும். இந்த இரண்டாவது பூச்சி நுழையும் வாசலை நினைவில் வையுங்கள், காய்ந்த கிளை. கீழே அதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

சன்பு மரங்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை. ஹொன்ஷு தீவில் கரடியே இல்லாத ஒரே மாகாணம் சிபா. மான்கள் இருப்பது தெற்கே போசோ மலைகளில். பள்ளத்தில் பல்தடமும் இல்லை, புழு குடைந்த தடமும் இல்லை.

பள்ளம் என்று பார்த்தால் சுகியில் ஏற்கெனவே பிரபலமான ஒன்று உண்டு. சிவப்பு வாடல் என்ற நாற்றங்கால் நோய், பச்சைத் தண்டில் சிறு புண்ணாகத் தொடங்கி, மரம் பருக்கப் பருக்க அடித்தண்டில் பள்ளமாக விரியும். அதற்கு நாற்றங்காலிலேயே போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்துக் கட்டுப்படுத்தும் வழி இருந்தது. சன்புவில் சிக்கல் என்னவென்றால், நாற்றில் ஒரு குறையும் இல்லை. நன்றாக வளர்ந்து, நடுத்தர வயதுக்கு வந்த பிறகே பள்ளம் விழுந்தது. அதனால் நோய்க்கே ‘சிவப்பு வாடல் அல்லாத பள்ள அழுகல்’ என்று இல்லாததை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

பள்ளம் விழும் விதம்

குற்றவாளி ஒரு பூஞ்சை. ஃபோமிட்டிபோரியா டொர்ரேயே என்பது இப்போதைய பெயர். நெடுங்காலம் அதை நெருங்கிய உறவுள்ள வேறொரு இனமாக எண்ணியிருந்தார்கள். காட்டில் காளான் குடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். காய்ந்த கிளையின் அடிப்புறத்திலும் பள்ளத்தின் பரப்பிலும் பழுப்பு நிறத்தில், மெல்லிய அடை போல ஒட்டிக் கிடக்கும். தெரிந்த கண்ணுக்குத்தான் படும்.

அது நுழையும் வாசலும் காய்ந்த கிளைதான். நெருக்கமாக நட்ட காட்டில் கீழ்க் கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது, அவை காயும். காய்ந்தும் உதிராமல் தண்டிலேயே பல ஆண்டுகள் குத்திட்டு நிற்கும். பூஞ்சையின் வித்து அதில் இறங்கி, செத்த கட்டை வழியே உயிருள்ள தண்டுக்கு வந்து, கிளையடியைச் சுற்றி பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் இருக்கும் கேம்பியம் அடுக்கைக் கொல்லும். வெளிர்மரத்தை வெள்ளையாக அழுக வைக்கும்.

மரத்தைப் பருக்க வைப்பது இந்தக் கேம்பியம்தான். பட்டை போவதும் கேம்பியம் போவதும் ஒன்றல்ல. ஜப்பானியக் கோயில்களின் ஹினோக்கிப் பட்டைக் கூரைக்குப் பட்டை எடுப்பவர்கள் நிற்கும் மரத்தில்தான் உரிக்கிறார்கள். 70, 80 வயதான மரத்தில், சாறு ஓடாத பருவத்தில், மரத்தாலான நெம்புகோலை வைத்து வெளிப்பட்டையை மட்டும் எடுத்து உள்பட்டையைத் தொடாமல் விடுவார்கள். எட்டுப் பத்து ஆண்டில் அதே மரம் இன்னும் தரமான பட்டையைத் தரும். சன்புவில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளிப்பட்டை பல நேரம் அப்படியே இருக்கும், உள்ளே கேம்பியம் செத்திருக்கும்.

கேம்பியம் செத்த பகுதியில் தண்டு இனிப் பருக்காது. மற்ற பக்கங்கள் வழக்கம் போல் ஆண்டுக்கு ஒரு வளையம் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே அந்த இடம் உள்ளே போவதில்லை, சுற்றியிருப்பது வெளியே வருகிறது. இப்படித்தான் பள்ளம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறது. மேலும் கீழுமாகப் பூஞ்சை நகர்வதால் நீளமும் கூடும். ஒரே தண்டில் இரண்டு மூன்று பள்ளங்கள் விழுந்தால் மரம் முறுக்கிக்கொண்டது போல் ஆகிவிடும்.

இதில் ஆபத்தான விஷயம், மரம் சாவதில்லை. மிச்சமிருக்கும் பக்கங்கள் வழியே நீர் ஏறுகிறது, கொண்டை பச்சையாகவே இருக்கிறது. சாலையில் போகிறவருக்கு அது நல்ல காடு.

பொறியியல் கணக்கில் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு தண்டின் நட்டநடுவே, விட்டத்தில் பாதி அளவுக்குப் பொந்து விழுந்தாலும் வளைவைத் தாங்கும் வலிமை சுமார் 6 சதவீதம்தான் குறையும். பாரத்தைச் சுமப்பது வெளிவிளிம்பு. மூங்கில் உள்ளீடற்று இருந்தும் நிற்பது இதனால்தான். அதே மூங்கிலில் நெடுக ஒரு கீற்றை வெட்டி எடுத்துவிட்டால் கையாலேயே முறுக்கிவிடலாம். சன்பு சுகிக்கு நேர்ந்தது இரண்டாவது வகைக் கேடு. அழுகல் விளிம்பில் இருக்கிறது. சூறாவளிக் காற்றோ மரத்தை வளைப்பதோடு நிற்காமல் முறுக்கவும் செய்யும்.

தெரிந்தும் ஏன் நின்றது?

தடுப்பு முறை ஒன்றும் பரம ரகசியம் இல்லை. காய்ந்த கிளையை, ஏன் காயப்போகும் கிளையையும், காலாகாலத்தில் தண்டோடு ஒட்டக் கழித்துவிட வேண்டும். வெட்டுக்காயத்தை மரம் சில ஆண்டுகளில் மூடிவிடும், வாசல் அடைபடும். நோய் கண்ட மரத்தை, நெருக்கம் குறைக்கச் செய்யும் இடைவெட்டில் முதலில் எடுக்க வேண்டும். கவாத்து ஜப்பானிய வனவியலில் புதிதும் அல்ல. கணு இல்லாத பலகைக்காகக் காலங்காலமாகச் செய்து வந்ததுதான். பழைய சன்பு காடுகளைக் காத்து வந்ததும் இந்தக் கவாத்துதான் என்று நான் நினைக்கிறேன். பலகை விலைக்காகச் செய்த வேலை, கேட்காமலே மருந்தாகவும் இருந்தது.

விலை போனதும் அந்த மருந்தும் போனது. 1964இல் மர இறக்குமதி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. காட்டில் நிற்கும் சுகிக்கு உரிமையாளர் கையில் கிடைக்கும் விலை 1980இல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 22,700 யென். 2019இல் சுமார் 3,000 யென். நாட்டின் மரப் பயன்பாட்டில் உள்நாட்டு மரத்தின் பங்கு 2002இல் 19 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஏணி வைத்து ஏறி, மரம் மரமாகக் கிளை கழிக்கும் ஆளுக்குக் கூலி கொடுத்தால், நட்ட அறுபதாம் ஆண்டில் மரம் விற்ற காசு அதற்கே போதாது. பள்ளம் விழுந்த மரத்துக்கோ பலகை விலையும் கிடையாது. மரச்சீவலுக்கோ எரிக்கவோதான் போகும். வெட்டுகிற செலவைவிட வரவு குறைவு என்றால் எவரும் வெட்டமாட்டார்கள். நோய் மரம் நிற்கும், அதிலிருந்து வித்து பரவும், பக்கத்துக் காட்டின் காய்ந்த கிளையில் இறங்கும்.

சோம்பேறி உரிமையாளர்கள், பொறுப்பற்ற வாரிசுகள் என்று எழுதுவது எளிது. காட்டை வாரிசாகப் பெற்று டோக்கியோவில் வேலை பார்ப்பவருக்குத் தன் எல்லைக்கல் எங்கே என்றே தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் எந்த உரிமையாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

அப்புறம் குளோன் விஷயம். விதையில் வளர்ந்த காட்டில் பத்து மரத்தில் இரண்டு விழுந்தாலும் எட்டு வேறு வேறு குணத்தோடு நிற்கும். போத்தில் வந்த காட்டில் ஒரு மரத்துக்கு ஒத்துக்கொண்ட பூஞ்சைக்கு எல்லா மரமும் ஒத்துக்கொள்ளும். இந்த நோய் மற்ற சுகி ரகங்களிலும் காணப்படுகிறது. சன்புவில்தான் காடு காடாகப் போனது. நேர்த்தண்டையும் சிவப்பு வைரத்தையும் மாறாமல் தந்த அதே போத்து முறை, இந்தப் பலவீனத்தையும் மாறாமல் தந்தது.

வனத்துறைக்கு வெளியிலும் இந்தப் பூஞ்சைக்கு வேலை உண்டு. பேரிக்காய் விளைச்சலில் ஜப்பானில் முன்னணியில் இருக்கும் மாகாணம் சிபா. பேரி மரங்களில் வசந்தத்தில் இலை சிறுத்து, தளிர் குன்றிப்போகும் ஒரு நோய்க்கும் இதே ஃபோமிட்டிபோரியாதான் காரணம். பழத்தோட்டக்காரரும் காட்டுக்காரரும் இரு வேறு துறைகளின் கதவைத் தட்டுபவர்கள். இரண்டு நோய்க்கும் ஒரே பூஞ்சை என்பதைக் கவனித்தால், காட்டுச் சுத்தம் தோட்டக்காரரின் கவலையும் ஆகிறது.

புயலின் கணக்கு

புயலுக்குப் பிறகு செய்திகளில் பள்ள அழுகல் திடீரென்று நாயகனாகிவிட்டது. நோய் மரங்கள் முறிந்து கம்பியில் விழுந்ததால்தான் இவ்வளவு இருட்டு என்ற விளக்கம் கச்சிதமாக இருந்தது. அளவுக்கு மீறிக் கச்சிதம் என்பது என் கருத்து.

நொடிக்கு 57.5 மீட்டர் என்பது ஆரோக்கியமான சுகியையும் சாய்க்கும் காற்று. நோயில்லாத மரங்களும் வேரோடு பெயர்ந்தன, பள்ளமே இல்லாத தண்டுகளும் முறிந்தன. இடைவெட்டு செய்யாத நெருக்கமான காட்டில் மரங்கள் உயரமாக, ஒல்லியாக வளரும். உயரத்துக்கும் தடிமனுக்குமான விகிதம் கெட்டால் பூஞ்சை இல்லாமலே முறியும். ஆகவே விழுந்த மரங்களை எண்ணி அத்தனையையும் நோயின் கணக்கில் எழுதுவது சரியில்லை.

ஆனால் விழுந்த விதத்தைப் பாருங்கள். வேரோடு சாயும் மரம் மண்கட்டியோடு மெதுவாகச் சாயும், பல நேரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றுவிடும். பள்ளம் உள்ள மரமோ தண்டின் நடுவே, அழுகிய இடத்தில், சட்டென்று ஒடியும். மேல்பாதி தனியாக வந்து விழும். இதற்கு உச்சக் காற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு முந்தைய காற்றே போதும். சாலையோரத்தில் அப்படி ஒரு மரம் நின்றால், புயலின் முதல் மணி நேரத்திலேயே கம்பி போய்விடும். நோய் செய்தது இந்தக் கூடுதல் வேலையைத்தான். காடு முழுக்க எத்தனை விழுந்தன என்பதைவிட, கம்பியிலிருந்து ஒரு மரத்தின் உயரத் தொலைவுக்குள் நின்றவற்றில் எத்தனை பள்ளம் விழுந்தவை என்பதே மின்தடைக்குப் பொருத்தமான கேள்வி. அந்தக் கேள்வியைப் புயலுக்கு முன்பே, கம்பி வழியே நடந்து பார்த்துக் கேட்டிருக்கலாம். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற நோய். கருவி எதுவும் வேண்டாம்.

கேட்டிருந்தாலும் வெட்டுவது சுலபம் இல்லை. மரம் தனியார் சொத்து. உரிமையாளர் சம்மதம் வேண்டும், உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும், வெட்டுக்கூலியை யார் தருவது என்று பேச வேண்டும்.

பிறகு வந்த மாற்றங்கள்

சட்டம் தற்செயலாகக் கொஞ்சம் முந்திக்கொண்டது. பராமரிக்கப்படாத தனியார் காட்டை உள்ளாட்சி தன் பொறுப்பில் எடுத்துப் பராமரிக்க வழிசெய்யும் வன மேலாண்மைச் சட்டம் 2019 ஏப்ரலில்தான், புயலுக்கு ஐந்து மாதம் முன்பு, நடைமுறைக்கு வந்தது. அதற்கான நிதிப் பகிர்வும் அதே நிதியாண்டில் தொடங்கியது. 2024 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யென் வன வரியாகக் குடியிருப்பு வரியோடு சேர்த்து வசூலாகிறது. மின் கம்பியோரக் காடுகளை முன்கூட்டியே வெட்ட உள்ளாட்சிகளும் மின் நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொள்வது புயலுக்குப் பின் பெருகியது.

வெட்டுவது வேகம் பிடித்திருக்கிறது, சரி. வெட்டிய இடத்தில் என்ன நடுவது? 2023இல் அரசு, சுகிக் காட்டுப் பரப்பைப் பத்தாண்டில் சுமார் 20 சதவீதம் குறைப்பது என்றும், முப்பது ஆண்டில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்றும் இலக்கு வைத்தது. அதனால் மகரந்தம் குறைந்த சுகி ரகங்களுக்கு எங்கும் கிராக்கி. மகரந்தம் குறைந்த சுகி சன்புவில் ஏற்கெனவே இருந்தது, அதைத்தான் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்த விவகாரத்தின் வேடிக்கையான பகுதி. புது ரகங்களையும் போத்திலேயே பெருக்கலாம். அதில் தவறில்லை, ஒரே ரகத்தைப் பள்ளத்தாக்கு முழுக்க நிரப்பாத வரை. மூன்று நான்கு ரகங்களைத் திட்டுத் திட்டாகக் கலப்பது, மின்கம்பியோரத்தில் சுகியே நடாமல் உயரம் குறைந்த அகன்ற இலை மரங்களை விடுவது, தெற்கே மான் இருக்கும் இடத்தில் வேலிச் செலவையும் சேர்த்தே திட்டமிடுவது என்று செய்யக்கூடியவை நிறைய.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது கவாத்துக்கான பணத்தை. நடவுக்கு மானியம் வாங்குவது ஒப்பீட்டளவில் எளிது, நட்ட கன்றைப் படம் பிடித்துக் காட்டலாம். இன்று சன்பு பக்கம் நடும் கன்றுக்குக் கீழ்க்கிளை காயத் தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்போது ஏறிக் கழிக்கும் ஆளின் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை, நடவு ஒப்பந்தத்திலேயே ஆண்டு குறித்து எழுதி வைக்க வேண்டும்.